எட்டு கிலோமீட்டர் ஊரில் டர்போ கார்

முகூர்த்த மாதங்களில் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் வரிசை கட்டி நிற்கும் கார்களின் பின்பக்கத்தைக் கவனித்தால் ‘டர்போ’ என்ற எழுத்து அடிக்கடி கண்ணில் படும். பட்டுப்புடவை எடுக்க வெளியூரிலிருந்து வந்தவர்களின் கார்கள், ஜவுளிக்கடைக்காரர்களின் கார்கள், கோயிலுக்கு வந்தவர்களின் கார்கள். எல்லாம் ஏசியைப் போட்டுக்கொண்டு, முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்ந்துகொண்டிருக்கும். அவற்றில் பல இதே மாவட்டத்து ஆலைகளில் பிறந்தவை.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் தயாரித்துவரும் ஹூண்டாய், 2019 மே மாதம் வென்யூவைக் கொண்டுவந்தது. அதன் டர்போ இன்ஜின் 998 சிசி, மூன்று சிலிண்டர், 120 பிஎஸ் சக்தி. ஒரகடத்தில் 2010-ல் திறக்கப்பட்ட ரெனோ-நிசான் ஆலையிலிருந்து 2020 டிசம்பரில் மேக்னைட் வந்தது. அதன் டர்போ இன்ஜின் 999 சிசி, 100 பிஎஸ். இவற்றுக்கெல்லாம் மூத்தது மறைமலை நகர் ஃபோர்டு ஆலையின் ஈகோஸ்போர்ட். 2013-ல் அது விற்பனைக்கு வந்தபோது மறைமலை நகரும் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019-ல். ஈகோஸ்போர்ட்டின் ஒரு லிட்டர் டர்போ இன்ஜின் 125 பிஎஸ் தருகிறது என்றபோது அம்பாசடர் காலத்து ஓட்டுநர்கள் நம்ப மறுத்தார்கள்.

சின்ன இன்ஜினில் டர்போ மாட்டும் பழக்கத்துக்கு வரியும் ஒரு காரணம். நான்கு மீட்டருக்குள் நீளமும் 1200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜினும் இருந்தால் வரி குறைவு என்ற கணக்கு 2006 பட்ஜெட்டில் தொடங்கியது. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வகைக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், பெரிய கார்களுக்கு 40. சிசியைக் கூட்டினால் வரி ஏறும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளினால் ஏறாது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் சிறிய டீசல் இன்ஜின்கள் பலவற்றுக்கு மூடுவிழா நடந்தது. டீசலின் இழுவைக்குப் பழகியவர்களும் டர்போ பெட்ரோல் பக்கம் வந்தார்கள்.

வந்தவர்கள் பழைய பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். சிக்கல் பெரும்பாலும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

டர்போ என்பது ஒரே தண்டின் இரு முனையிலும் பொருத்திய இரண்டு சக்கரங்கள். ஒன்றை இன்ஜினிலிருந்து வெளியேறும் புகை சுழற்றுகிறது. மற்றது வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, சிலிண்டருக்குள் அனுப்புகிறது. நடுவே இன்டர்கூலர் அந்தக் காற்றின் சூட்டைத் தணிக்கிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூச்சி 1905-ல் காப்புரிமை பெற்ற யோசனை இது. இன்றைய சிறிய கார்களில் அந்தத் தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை போகிறது. பெரும்பாலான டர்போக்களில் தண்டைத் தாங்குவது பால் பேரிங்கு கூட இல்லை, மெல்லிய ஆயில் படலம்தான். பெட்ரோல் இன்ஜினின் புகை டர்போவுக்குள் நுழையும்போது 900 டிகிரி செல்சியஸைத் தாண்டலாம். டீசலில் இவ்வளவு சூடு கிடையாது. வேன், சுமோ என்று டீசல் டர்போவில் கைதேர்ந்த மெக்கானிக்குகூட பெட்ரோல் டர்போவில் சறுக்குவது இதனால்தான்.

ஆக, அந்த ஆயில் சுத்தமாக இருக்கிறதா, போதுமான அழுத்தத்தில் வருகிறதா, வந்தது தடையில்லாமல் திரும்பிப் போகிறதா? இந்த மூன்று கேள்விகளுக்குள் டர்போ கோளாறுகளில் பெரும்பகுதி அடங்கிவிடும்.

இதற்குப் பெரிய உதாரணம் மறைமலை நகரிலிருந்தே கிடைக்கிறது. அமெரிக்காவில் விற்ற ஈகோஸ்போர்ட்டுகள் இங்கு தயாராகிக் கப்பலேறியவை. 2023 டிசம்பரில் ஃபோர்டு அந்நாட்டில் ஒரு திரும்பப்பெறுதலை அறிவித்தது. ஒரு லிட்டர் ஈகோபூஸ்ட் இன்ஜின் கொண்ட 2018 முதல் 2022 வரையிலான ஈகோஸ்போர்ட்டுகளும், 2016 முதல் 2018 வரையிலான ஃபோகஸ் கார்களுமாக ஏறத்தாழ 1.4 லட்சம் வண்டிகள் அதில் அடங்கின. கோளாறு டர்போவில் இல்லை. ஆயில் பம்பைச் சுழற்றும் ஒரு பெல்ட்டில்! அந்த இன்ஜினில் பம்ப் பெல்ட் ஆயிலுக்குள் நனைந்தபடியே ஓடும். பெல்ட்டின் பற்கள் உதிரலாம், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் கை உடையலாம் என்பது தெரியவந்தது. உடைந்தால் ஆயில் அழுத்தம் போகும், இன்ஜின் நிற்கும், பிரேக்குக்கு உதவும் வேக்குவமும் கூடவே போகும். 2012, 2013, 2014 என்று மூன்று ஆண்டுகள் வரிசையாக உலகின் சிறந்த இன்ஜின் விருது வாங்கிய குடும்பத்து இன்ஜின் அது. விருது கொடுப்பவர்கள் பத்து வருஷம் கழித்து வந்து ஓட்டிப் பார்ப்பதில்லையே.

ஐரோப்பாவில் சித்ரோன், பெஜோ கார்களில் வந்த 1.2 லிட்டர் பியூர்டெக் இன்ஜினிலும் இதே மாதிரி ஒரு தலைவலி. அங்கு டைமிங் பெல்ட்டே ஆயிலில் நனைந்தபடி ஓடியது. ஆயிலில் பெட்ரோல் கலந்தால் பெல்ட் ஊதும், ரப்பர் துணுக்குகள் உதிரும், அவை ஆயில் பம்பின் சல்லடையை அடைக்கும். தயாரிப்பாளரான ஸ்டெல்லான்டிஸ் 2024-ல் 10 ஆண்டு அல்லது 1,75,000 கிலோமீட்டர் வரை அதற்குப் பாதுகாப்பை நீட்டித்தது.

குறை வேறிடத்தில் இருக்க டர்போ மேல் பழி விழும் கதை 1962-லேயே ஒருமுறை நடந்துவிட்டது. உலகின் முதல் டர்போ கார்களில் ஒன்றான அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயரில், இன்ஜின் தட்டாமல் இருக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். வாங்கியவர்கள் அதை நிரப்ப மறந்தார்கள். தொட்டி காலியானால் டர்போவின் அழுத்தத்தைக் கார் தானே குறைத்துக்கொள்ளும். ‘வண்டி இழுக்கல’ என்ற புகார்கள் குவிந்தன. 1965-ல் நிறுவனமே டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் கார்புரேட்டர் மாட்டித் தர முன்வந்தது. பெயர் கெட்டது டர்போவுக்கு.

சரி, காஞ்சிபுரத்துக்கு வருவோம். கார் வாங்கும்போது கையில் கொடுக்கும் புத்தகத்தைப் பலர் டேஷ்போர்டு பெட்டியைவிட்டு வெளியே எடுப்பதே இல்லை. அதில் ‘கடினமான பயன்பாடு’ என்று ஒரு தனி அட்டவணை உண்டு. ஹூண்டாயின் புத்தகத்தில் அதன் கீழ் வருபவற்றில் சில: அடிக்கடி எட்டு கிலோமீட்டருக்குக் குறைவான தூரம் ஓட்டுவது, 32 டிகிரிக்கு மேல் வெயிலில் நெரிசலில் ஓட்டுவது, வெகுநேரம் இன்ஜினை ஓடவிட்டு நிற்பது, புழுதிச் சாலை. காஞ்சிபுரத்தின் எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்குப் போனாலும் எட்டு கிலோமீட்டர் ஆவது அபூர்வம். ஓரிக்கையிலிருந்து பெரிய காஞ்சிபுரம், அங்கிருந்து சின்ன காஞ்சிபுரம், வரதர் கோயில், திரும்பி வீடு. வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தொடும் ஊர். இந்த ஊர்க்காரருக்குப் பொருந்துவது அந்தத் தனி அட்டவணைதான். ஆனால் ஆயில் சர்வீஸுக்கு எல்லோரும் பின்பற்றுவது வழக்கமான அட்டவணையின் பத்தாயிரம் கிலோமீட்டரை. கிலோமீட்டர் ஏறவில்லையே என்று ஒன்றரை வருஷம் தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. ஊருக்குள் ஓடும் காரின் மீட்டர் மெதுவாகத்தான் ஏறும். நெரிசலில் நின்றபடி இன்ஜின் ஓடிய மணிக்கணக்கு மீட்டரில் வராது. ஆயிலின் வயதைக் கூட்டுவது அந்த மணிக்கணக்கு. ஐயாயிரம் கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றினால், ஒரு டர்போவின் விலையோடு ஒப்பிடச் செலவு ஒன்றுமே இல்லை.

எந்த ஆயில் என்பதும் முக்கியம். டர்போ பெட்ரோல் இன்ஜின்களுக்கே உரிய ஒரு நோய் உண்டு. மைலேஜ் கிடைக்கட்டும் என்று சீக்கிரமே ஐந்தாவது கியரில் போட்டு, மேம்பாலம் ஏறும்போது கியரைக் குறைக்காமல் ஆக்சிலேட்டரை மட்டும் அழுத்தும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. குறைந்த சுற்றில் இன்ஜின் திணறும். டர்போவோ முழு அழுத்தத்தையும் கொடுக்கும். அப்போது சிலிண்டருக்குள் சிதறிய ஆயில் துளி, பிளக் பொறி விடுவதற்கு முன்பே கலவையைப் பற்றவைத்துவிடும். சாதாரண ‘தட்டுதல்’ போன்றதல்ல இது. ஒரே அடியில் பிஸ்டனின் ரிங் பள்ளம் உடைந்த இன்ஜின்கள் உண்டு. ஆயிலில் சேர்க்கும் கால்சியம் சேர்மங்களுக்கு இதில் பங்கு இருப்பது தெரிந்ததும், 2018 மே மாதம் ஏபிஐ அமைப்பின் ‘எஸ்என் பிளஸ்’ என்ற ஆயில் தரமும், 2020 மே மாதம் ‘எஸ்பி’ என்ற தரமும் வந்தன. எஸ்பி தரத்தில் டைமிங் செயின் தேய்மானத்துக்கும் சோதனை உண்டு. டப்பாவின் பின்பக்கத்தில் அந்த இரண்டு எழுத்து இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். கூடவே புத்தகம் சொல்லும் கிரேடு. ‘கெட்டியான ஆயில் போட்டா இன்ஜினுக்கு நல்லது’ என்பது பழைய இன்ஜின்களின் அறிவுரை. டர்போவின் நூலிழை இடைவெளிக்குள் கெட்டி ஆயில் காலையில் போய்ச் சேரத் தாமதமாகும்.

இனி, கோளாறு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பொன்னேரிக்கரை தாண்டி நெடுஞ்சாலையில் ஏறி லாரியை முந்தப் போகும்போது கார் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல மந்தமாகிறது. செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஒர்க்ஷாப்பில் ஸ்கேனரை மாட்டினால் ‘பி0299’ என்று காட்டுகிறது. அழுத்தம் போதவில்லை என்பது அதன் பொருள். ‘டர்போ போச்சு சார்’ என்ற தீர்ப்பு உடனே வந்துவிடும்.

அங்கேயே நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும். காற்று அழுத்தப்படவில்லை என்றுதான் அந்த எண் சொல்கிறது. ஏன் என்று சொல்லவில்லை. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ரப்பர் ஹோஸில் ஒரு கிளாம்ப் நழுவினால் போதும், இதே எண் வரும். எலி கடித்த ஹோஸ், அடைத்துப்போன ஏர் ஃபில்டர், ஒட்டிக்கொண்ட வேஸ்ட்கேட், கிழிந்த டைவர்ட்டர் வால்வு டயாஃபிரம், எது இருந்தாலும் வரும். சத்தமே பாதி துப்புக் கொடுக்கும். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது மட்டும் ‘உஸ்ஸ்’ என்று காற்று சீறினால் ஹோஸ் பக்கம் பார்க்க வேண்டும். வேகம் ஏற ஏறச் சங்கு ஊதுவது போல் ‘ஊ’ என்று சுருதி ஏறினால் டர்போவுக்குள்ளேயே தேய்மானம் இருக்கலாம். நல்ல ஒர்க்ஷாப்பில் காற்றுப்பாதைக்குள் செயற்கைப் புகையை அடித்து, எங்கே கசிகிறது என்று கண்ணாலேயே காட்டிவிடுவார்கள். அந்த வசதி இல்லையென்றால் ஹோஸ்களைக் கழற்றி, வளைத்து, மடிப்புகளில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கலாம்.

டர்போவையே சந்தேகப்பட்டால் அதையும் கையாலேயே சோதிக்க முடியும். இன்ஜின் ஆறிய பிறகு காற்று உறிஞ்சும் பக்கத்து ஹோஸைக் கழற்றினால் சின்ன அலுமினியச் சக்கரம் தெரியும். நடுவிலுள்ள நட்டை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழுமாக அசைத்தால் இம்மியளவு ஆட்டம் இருக்கும். இருக்கத்தான் வேண்டும், ஆயில் நிற்க வேண்டிய இடைவெளி அது. ஆனால் உள்ளே தள்ளி வெளியே இழுக்கும்போது கைக்குத் தெரிகிற ஆட்டம் இருக்கக் கூடாது. சக்கரத்தின் இதழ்கள் கூட்டின் சுவரில் உரசிய பளபளப்பான கோடு தெரிந்தாலோ, இதழ் நுனி மடங்கியிருந்தாலோ டர்போவின் கதை முடிந்தது என்று ஒப்புக்கொள்ளலாம். ஹோஸின் உட்புறம் லேசான ஆயில் பூச்சு இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. இன்ஜின் மூச்சுவிடும் குழாய் வழியாக அவ்வளவு ஆயில் வரும். குட்டையாகத் தேங்கியிருந்தால்தான் கவலை.

நீலப்புகை வந்தாலும் பழி முதலில் டர்போ மேல்தான் விழும். டர்போவுக்கு ஆயில் பம்பின் அழுத்தத்தில் வருகிறது. திரும்பிப் போவது வெறும் சரிவினால். தானாக வடிந்து கீழே சம்ப்புக்குள் விழ வேண்டும். அந்த வடிகுழாயில் கரி அடைத்திருந்தாலோ, கேஸ்கெட்டுக்குப் போட்ட சீலன்ட் பிதுங்கி வழியை மறைத்தாலோ, வடிய வழியில்லாத ஆயில் சீலைத் தாண்டி இரு பக்கமும் ஒழுகும். மூச்சுக்குழாய் வால்வு அடைத்து, இன்ஜினின் அடிப்பகுதியில் அழுத்தம் ஏறினாலும் இதேதான். இதைப் பார்க்காமல் புது டர்போ மாட்டினால் அதுவும் புகையும். பல பத்தாயிரம் செலவழித்தவர் ‘டூப்ளிகேட் போட்டுட்டாங்க’ என்று சண்டைக்குப் போவார்.

நெடுஞ்சாலையிலோ ஏற்றத்திலோ முழு வேகம் கொடுக்கும்போது வண்டி குலுங்கிக் குலுங்கிப் போனால் அது மிஸ்ஸிங். டர்போ அழுத்திய காற்றுக்குள் பொறி தாவ அதிக மின்னழுத்தம் வேண்டும். அதனால்தான் இந்த இன்ஜின்களின் பிளக் இடைவெளி குறைவு. தேய்ந்து இடைவெளி கூடிய பிளக்கும், சூட்டில் வெந்து வெடித்த இக்னிஷன் காயிலும் நகரத்துக்குள் ஒன்றும் காட்டிக்கொள்ளாது, லோடு ஏறியதும் காட்டும். செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிக்கொண்டு ஒர்க்ஷாப் போகலாம். மினுக்கினால் ஓரங்கட்டுவதே புத்திசாலித்தனம். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தால் அதையும் சேர்த்து வாங்க வேண்டிவரும்.

வென்யூ டர்போ போன்றவற்றில் பெட்ரோல் நேரடியாகச் சிலிண்டருக்குள் பீச்சப்படுகிறது. மேக்னைட் டர்போவில் பழைய முறைப்படி வால்வுக்கு முன்னால். பார்க்கச் சின்ன வித்தியாசம்தான். நேரடி முறையில் உள்வால்வுகளைப் பெட்ரோல் கழுவுவதில்லை என்பதால் அவற்றின் முதுகில் கரி படியும். டேங்கில் ஊற்றினால் கரி கரையும் என்று பெட்ரோல் பங்க்கில் விற்கும் திரவம் அந்த வால்வுகளை எட்டவே எட்டாது. கரி மிகுந்துவிட்டால் இன்டேக்கைக் கழற்றி, அரைத்த வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றில் அடித்துச் சுரண்டுவதுதான் வழி.

கூலன்ட்டில் சிக்கனம் கூடாது. பாலாற்றுத் தண்ணீர்தான் பட்டுக்கு மினுமினுப்புத் தருகிறது என்பது ஊரார் நம்பிக்கை. இருக்கலாம், ஆனால் போர்வெல் உப்புத் தண்ணீரை டர்போ காரின் கூலன்ட் தொட்டியில் ஊற்றக் கூடாது. டர்போவின் நடுப்பகுதியைச் சுற்றியும் கூலன்ட் ஓடுகிறது. உப்புப் படிந்தால் அங்கேதான் முதலில் அடைக்கும். வெளியே சொட்டு விழாமல் கூலன்ட் குறைந்துகொண்டே போனால், சூடான இன்ஜினிலும் இனிப்பு வாசனையோடு வெள்ளைப்புகை வந்தால், ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

காரை நிறுத்துவதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் வந்து உடனே சாவியைத் திருப்பினால் ஆயில் ஓட்டம் நிற்கும், சூடு நிற்காது. தாளிக்க வைத்து மறந்த எண்ணெய் வாணலியில் கருகிப் பிடிப்பது போல, பேரிங்கிலும் ஆயில் குழாயிலும் ஆயில் கரியாகும். கூலன்ட் சுற்றும் இன்றைய டர்போக்களில் இந்த ஆபத்து குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு நிற்பவர்களும் இருக்கிறார்கள், அது வீண். சென்னையிலிருந்து வருகிறவர் பொன்னேரிக்கரையில் இறங்கி ஊர் நெரிசலில் ஊர்ந்து வீடு சேர்வதற்குள் டர்போ தானே ஆறிவிடும். எச்சரிக்கை தேவைப்படுவது நெடுஞ்சாலை ஓர ஹோட்டலில் காபிக்காகச் சட்டென்று ஒதுக்குபவருக்கு. அவர் ஒரு நிமிடம் பொறுத்து அணைத்தால் போதும்.

டர்போ மாற்றியே தீர வேண்டும் என்றால், பழையது ஏன் போனது என்பதற்கு ஒர்க்ஷாப்காரர் ஒரு காரணம் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் வேலையைக் கொடுக்காமல் இருப்பது நல்லது. ஆயில் வரும் குழாய் புதிதாக இருக்க வேண்டும். பழைய குழாயைக் கழுவி மாட்டினால் உள்ளே ஒட்டிய கரி புது பேரிங்குக்கே போய்ச் சேரும். வடிகுழாயும் இன்டர்கூலரும் சுத்தம் செய்யப்பட வேண்டும்; உடைந்த இதழின் துணுக்கு இன்டர்கூலரில் ஒளிந்திருந்து பிறகு இன்ஜினுக்குள் போன கதைகள் உண்டு. ஆயிலும் ஃபில்டரும் புதிது. டர்போவின் ஆயில் துளையில் சில சொட்டு ஆயில் விட்டுச் சக்கரத்தைக் கையால் சுழற்ற வேண்டும். பிறகு ஸ்டார்ட் ஆகாதபடி செய்து ஸ்டார்ட்டரை மட்டும் சில விநாடி ஓட்டி, ஆயில் அழுத்த விளக்கு அணைந்ததைப் பார்த்த பிறகே இன்ஜினைக் கிளப்ப வேண்டும்.

பழைய கார் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். ஃபோர்டு மறைமலை நகரில் உற்பத்தியை 2022-ல் நிறுத்திய பிறகும் ஈகோபூஸ்ட் ஈகோஸ்போர்ட்டுகளுக்குப் பழைய கார் சந்தையில் ரசிகர்கள் இருக்கிறார்கள். ஓட்டிப் பார்த்தால் காரணம் புரியும். மீட்டர் குறைவாகக் காட்டுகிறது என்பதை மட்டும் நம்பி எடுத்துவிடக் கூடாது. ஒவ்வொரு ஆயில் சர்வீஸுக்கும் தேதி போட்ட பில் இருக்கிறதா, அதில் ஆயிலின் கிரேடு எழுதியிருக்கிறதா, பெல்ட் எப்போது மாற்றியது என்று கேட்க வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் உள்ளே இரும்பு பழுப்பு மினுமினுப்போடு தெரிந்தால் சரி. கறுப்புத் தார் போலப் படிந்திருந்தால், விற்பவர் பத்தாயிரம் குறைத்தாலும் அடுத்த காரைப் பார்க்கப் போகலாம்.